சுங்க மாளிகையின் வெயில்

சிப்பித்துறையில் வெயில் போக்கிடமில்லாமல் வீடு வீடாக அலைந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால், ஆளுக்கொரு இடத்திலிருந்து கதையை ஆரம்பிப்பார்கள். நகைப்பட்டறைக்காரர்கள் ஊதுவாரில்லாமல் உலை அணைந்த காலையிலிருந்து சொல்வார்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்மார் காலைப் பிரார்த்தனை முடியுமுன்பே மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததிலிருந்து சொல்வார்கள், கல்யாணத் தரகர்களோ பொன்ராதாவின் முகூர்த்தம் தவறியதிலிருந்துதான் சொல்வார்கள். ஆனால் அது ஆரம்பித்தது, பெயின்டர் மிக்கேல் சுங்க மாளிகையின் ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்த அன்றைக்குத்தான்.

சுங்க மாளிகை, ஊருக்குக் கப்பல் வந்துபோன காலத்தில் வெள்ளைக்காரன் கட்டியது. கடலைப் பார்த்த நீளச் சுவர் முழுக்க ஆளுயரத்துக்கும் மேலே எழும்பிய ஜன்னல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வளைவு, வளைவுக்குள் விசிறி விரித்த மாதிரி சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்களுடைய பெண்டாட்டிமாரும் தாய்மாரும் தகப்பன்மாரும், கப்பல் தெரிகிறதா என்று பார்க்க விடியற்காலையிலேயே வந்து அந்த ஜன்னல்களில்தான் நிற்பார்களாம்; அவர்கள் பிடித்துப் பிடித்தே கம்பிகள் நெஞ்சுயரத்தில் மெலிந்துபோயிருந்தன. பிறகு கப்பல் வருவது நின்றது, துறையை மணல் மேவியது, மாளிகை நகராட்சி கைக்கு வந்தது, நகராட்சி அதைக் குத்தகைக்கு விட்டது, அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த கூடத்தில் கல்யாணமும் காதுகுத்தும் பட்டுச்சேலைக் கண்காட்சியும் நடக்க ஆரம்பித்தன.

அப்போது குத்தகைக்கு எடுத்திருந்தவர் தெய்வேந்திரன். மணமேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு எல்.இ.டி. திரை வாங்கி மாட்டியிருந்தார். அதில் அருவி கொட்டும், அன்னங்கள் நீந்தும், மாப்பிள்ளையும் பெண்ணும் பனிமலையில் கைகோத்து நடப்பார்கள். ஆனால் முகூர்த்தமோ காலையில், சூரியனோ கடலிலிருந்து எழும்பி நேரே கூடத்துக்குள் வருகிறவன். அவன் வந்ததும் அன்னங்கள் வெளுத்து அழிந்துபோகும், வீடியோவில் பெண்ணின் முகம் பாதி சுண்ணாம்பு அப்பியதுபோல் விழும். திரைச்சீலை கட்டிப் பார்த்தார், கடற்காற்று அதை உருவி வேப்பமரத்தில் போட்டது. கடைசியில் பெயின்ட் அடித்துவிடுவதென்று முடிவு செய்து ஒவ்வொரு பெயின்டராகக் கூப்பிட்டார். பழைய கட்டடம், அதன் கண்ணை அடைப்பது நல்லதில்லை என்று எல்லோரும் ஏதோ சாக்குச் சொல்லி நழுவினார்கள். மிக்கேல் மட்டும் அவர் பேசி முடிக்கும் முன்பே தலையை ஆட்டினார்.

“கடல் பக்கத்து ஜன்னல் அம்புட்டையும் அடைச்சிரலாமா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார்.

“அம்புட்டையும்தான்.”

“அப்ப நாளைக்கே வாரேன்.”

மிக்கேலின் ஒரே மகன் தனிஸ்லாஸ் ஒரு ஐப்பசியில் வேறு மூன்று பேரோடு கடலுக்குப் போனவன். வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி வேறொரு கரையில் ஒதுங்கியது. மற்ற மூன்று பேரின் உடலையும் கடல் பிறகு திருப்பிக் கொடுத்தது, அவனைக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து மிக்கேல் கடலைப் பார்ப்பதில்லை. கடற்கரைத் தெருவில் நடக்க வேண்டி வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார். அவருடைய மனைவி பெர்பெத்துவோ வேறு மாதிரி. மகனுக்கு இறந்தோர் பூசை வைக்க அவள் சம்மதிக்கவே இல்லை. “போனவன் வாரதுக்குள்ள எதுக்குப் பூசை?” என்பாள். அவனுடைய கைப்பேசி எண் செத்துவிடக்கூடாதென்று மாசாமாசம் மறக்காமல் ரீசார்ஜ் செய்வாள். இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவர் கடலுக்கு முதுகைக் காட்டியும் ஒருவர் முகத்தைக் காட்டியும் வாழ்ந்தார்கள், அதைப் பற்றிப் பேசிக்கொள்ளாமல்.

மிக்கேல் தூரிகையின் நுனியையே பார்த்துக்கொண்டு பெயின்ட் அடித்தார். கடல் ஒவ்வொரு கண்ணாடியாக அணைந்துகொண்டே வந்தது. வடக்கோரத்தில் கம்பியொன்று இல்லாத ஜன்னலில் கடைசிக் கண்ணாடியையும் அடித்துவிட்டு அவர் கீழே இறங்கியபோது கூடம் சினிமாக் கொட்டகைபோல் இருண்டிருந்தது. தெய்வேந்திரன் திரையைப் போட்டுப் பார்த்தார். அன்னங்கள் துல்லியமாக நீந்தின.

மறுநாள் விடிந்ததும், தன் ஜன்னல்களைத் தேடி வந்த வெயில் உள்ளே போக வழியில்லாமல் சற்று நேரம் மாளிகைச் சுவரோரமாக நின்றது. பிறகு ஊருக்குள் இறங்கியது.

மிக்கேலின் வீடு கோயிலுக்குப் பின் தெருவில், இரண்டு வீடுகளுக்கு நடுவே நெருக்கியடித்துச் செருகினதுபோல் இருக்கும். ஜன்னலே கிடையாது, பகலிலும் பல்பு எரிய வேண்டும். அன்றைக்குப் பெர்பெத்து காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினால், உள்சுவரில் ஒரு ஜன்னல் வெயில் விழுந்து கிடந்தது. வளைவும், வளைவுக்குள் சிவப்பும் பச்சையுமாய் விசிறியும், நீளக் கம்பிகளின் நிழலும். ஒரு கம்பி மட்டும் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு பெண்ணின் நிழல், கொண்டை போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பெர்பெத்து போய் பல்பை அணைத்தாள். “இஞ்ச வாங்க,” என்று புருஷனைக் கூப்பிட்டாள். “நம்ம வீட்டுக்கு வெயிலு வந்திருக்கு.”

மிக்கேல் வந்து பார்த்தார். தான் அடைத்த ஜன்னலை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

“கூட யாரோ வந்திருக்காவளே,” என்றார்.

“ஆமா. எவளோ பாவம், ரொம்ப நேரமா நிக்கா,” என்றாள் பெர்பெத்து. நிழலுக்கு மறைக்காமல் ஓரமாக நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

அன்று காலை ஊரில் வெயில் இறங்காத இடமில்லை. வங்கியின் பாதாள அறையில் ஒரு ஜன்னல் விழுந்தது. பூட்டிய மரப்பீரோவுக்குள் பட்டுச்சேலை மடிப்பில் ஒரு ஜன்னல் கிடந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படங்களில், நோயாளி எவராக இருந்தாலும், விலா எலும்புகளுக்கு நடுவே வளைவு வைத்த ஜன்னலொன்று தெரிந்தது. டாக்டர் முதலில் அதற்கு மருந்து எழுதிக் கொடுத்தார், பிறகு விட்டுவிட்டார். சில வெயில்கள் தினம் ஒரு வீடாக மாறின. சில, இடம் பிடித்துப்போய் ஒரே வீட்டில் தங்கிவிட்டன. மத்தியானம் ஆனதும் எல்லாம் மெலிந்து சுவரிலிருந்து இறங்கிப் போய்விடும், மறுநாள் விடிந்ததும் வரும்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பெர்பெத்துவின் பக்கத்து வீட்டு ரமீஜா, தன் உள்ளறையில் விழுந்த வெயிலில் மோர்மிளகாய் காயவைத்தாள். மழைக்காலத்திலும் அது சலசலவென்று காய்ந்தது. வெயிலுக்குள் நிற்கிறவர்களுக்கு ஜன்னலாட்கள் என்று பெயர் வந்தது. அவர்களை மிதிக்கக்கூடாது, அவர்கள் எதிரில் சண்டை போடக்கூடாது, சேலை மாற்றும்போது “கொஞ்சம் அங்கிட்டுப் பாருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பதெல்லாம் யாரும் விதிக்காமலே வழக்கமாயின. நிச்சயதார்த்த வீடுகளில் தாம்பூலத்தட்டை முதலில் அவர்கள் பக்கம் காட்டினார்கள். சுவரில் பார்த்துப் பார்த்து, இது ஊன்றுகோல் வைத்த கிழவர், இது இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறவள், இது தலைப்பாகை கட்டியவர் என்று எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்தது. அனுமதி வாங்காமல் ஜன்னல் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள், ஓட்டை எதுவுமில்லை. ரமீஜா கொடுத்த டீயைக் குடித்தார்கள். குடித்த டம்ளரைக் கையில் பிடித்தபடி, மத்தியானம் வரை கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள்.

அந்த நிற்பைத்தான் அப்போது யாரும் கவனிக்கவில்லை.

ஜன்னலாட்கள் எல்லோரும் கடலைப் பார்த்தே நின்றார்கள், ஒருவர் கூடத் திரும்பியதில்லை. அவர்களோடு தினமும் ஒரே வெயிலில் இருந்தவர்களுக்கும் மெல்ல மெல்ல அது தொற்றியது. யாரோ வர வேண்டும், யாரென்று தெரியவில்லை, ஆனால் வந்துவிடுவார்கள், அதுவரை நிற்க வேண்டும். நகை செய்கிறவர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கிழக்கே பார்த்தார். ஆட்டோக்காரர்கள் சவாரி ஏறியபிறகும் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்கள், சவாரியும் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பிரார்த்தனைக்கு நின்ற பிள்ளைகள் கைகூப்பியபடியே நின்றார்கள். காலை முழுக்க சிப்பித்துறையில் பேச்சுச் சத்தமே இருக்காது, அலைச் சத்தம் மட்டும் தெருக்களுக்குள் வந்து திரும்பிப் போகும். மத்தியானம் வெயில் இறங்கியதும் எல்லோரும் தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள்போலத் தலையை உதறிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

இப்படியிருக்கையில்தான் உப்பு வியாபாரி மகள் பொன்ராதாவுக்குச் சுங்க மாளிகையில் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை கோவில்பட்டிக்காரர். கூடம் இருட்டில் ஜொலித்தது, திரையில் அருவி கொட்டியது, ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார், மாப்பிள்ளை அதைக் கழுத்தருகே கொண்டுபோனார். பொன்ராதா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஒருத்தவங்க வரணும்.”

“யாரு வரணும்?”

“தெரியல. ஆனா வரணும்.”

மாப்பிள்ளையின் அப்பா, பெண்ணின் அம்மாவைப் பார்த்து, “என்னம்மா உங்க மக இப்படிப் பேசுது?” என்றார்.

அவளை அதட்ட வேண்டிய அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அவ சொல்லுதது சரிதான். வரணும்,” என்றாள்.

கெட்டிமேளத்துக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. அட்சதையை விரல்களுக்குள் வைத்துக்கொண்டு ஊரார் எல்லோரும், கூடத்தில் இருந்தவர் அத்தனை பேரும், கறுத்த ஜன்னல்களின் பக்கம் தலையைத் திருப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டார் சத்தம் போட்டுப் பார்த்தார்கள், தோளைப் பிடித்து உலுக்கினார்கள், பிறகு அவர்களுடைய குரலும் தணிந்து, அவர்களும் திரும்பிக்கொண்டார்கள். மேடையில் அன்னங்கள் நீந்திக்கொண்டே இருந்தன. முகூர்த்தம் கடந்தது, பந்தியில் போட்ட இலைகள் வாடின, ஓமத்தீ தானாக அவிந்தது. மத்தியானம் எல்லோருக்கும் நினைவு திரும்பியபோது மாப்பிள்ளையின் அப்பா தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேனில் ஏறினார். கழுத்தில் மாலையோடு வாசல்வரை வந்த பொன்ராதா, “நான் வேணும்னு செய்யல, நான் வேணும்னு செய்யல,” என்று அழுதாள். அந்த அழுகை ஊரை உலுக்கியது.

அன்றைக்குச் சாயங்காலமே மாளிகை முற்றத்தில் கூட்டம் கூடியது. தெய்வேந்திரன் முதலில் மசியவில்லை.

“வெயிலை எவனும் விரட்டலவே. அதுவா எறங்கிப் போனா நான் என்ன செய்ய?” என்றார்.

“வீட்டை அடைச்சா அது எங்க போவும் அண்ணாச்சி?” என்றாள் ரமீஜா. “எங்க வீட்டுக்கு வந்துச்சு, நாங்க இருன்னு சொன்னோம். இப்ப நாங்க இருக்க எடமில்ல.”

பொன்ராதாவின் அப்பா தெய்வேந்திரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தாங்க முடியாமல் தெய்வேந்திரன் மிக்கேலிடம் திரும்பி, “அடிச்சவரே சொரண்டிருங்க,” என்றார்.

மிக்கேல் வீட்டுக்கு வந்து பெர்பெத்துவிடம் அதைச் சொன்னார். அந்த மாதங்களில் அவள் பாதியாக மெலிந்திருந்தாள். விடிந்ததும் சுவருக்கு முன்னால் போய் நின்றால் மத்தியானம்தான் நகர்வாள். கால்கள் வீங்கியிருந்தன.

“எல்லாத்தையும் சொரண்டுங்க,” என்றாள். “நம்ம ஜன்னலை மட்டும் விட்டுருங்க.”

“அது நம்ம ஜன்னல் இல்லட்டி.”

“அந்தப் பொம்பள எனக்குத் துணையா நிக்கா. இத்தன நாளும் இந்த வீட்ல நான் ஒத்தையிலதான நின்னேன்? நீங்க ஒருநா, ஒரே ஒருநா, எங்கூட நின்னீங்களா?”



மறுநாள் காலையில் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். சுவரில் வெயில் வந்திருந்தது. அதற்குள் இரண்டு பெண்கள் நின்றார்கள், கொண்டை போட்ட ஒருத்தியும், அவளை ஒட்டிப் பெர்பெத்துவும். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டுப் பெர்பெத்து விலகி அடுப்படிக்குப் போனாள். சுவரில் இருந்த இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பெர்பெத்துவின் நிழல் அவளோடு போகவில்லை. அது கம்பியைப் பிடித்திருந்தது.

மிக்கேல் விறுவிறுவென்று மாளிகைக்கு நடந்தார்.

தெற்கிலிருந்து சுரண்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஜன்னலும் திறக்கத் திறக்க, ஊருக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் “போவுது, போவுது” என்று குரல் கேட்டது. வங்கியின் பாதாள அறையிலிருந்து, பீரோக்களிலிருந்து, உள்ளறைகளிலிருந்து வெயில் எழுந்து, கூரைகளின் மேலாகக் கூட்டம் கூட்டமாக மாளிகைக்குத் திரும்பியது. கூடத்துத் தரையில் ஊன்றுகோல் கிழவர் வந்து சேர்ந்தார், பிள்ளைக்காரி வந்து சேர்ந்தாள், தலைப்பாகைக்காரர் வந்து சேர்ந்தார். கடைசியில் கம்பியில்லாத ஜன்னல் மட்டும் பாக்கி இருந்தது.

“ஒத்த ஜன்னல்தானவே, விடணும்னா விட்டுரும்,” என்றார் தெய்வேந்திரன் கீழேயிருந்து. பெர்பெத்து கேட்டுக்கொண்டது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

மிக்கேல் ஏணியில் ஏறினார். கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினார். அந்த வழியாகக் கடல் தெரிந்தது. இத்தனை காலம் கழித்து அவர் முதன்முதலாகப் பார்த்த கடல், வெளுத்த நீலமாய், யாரையும் தெரியாதது மாதிரி, சும்மா கிடந்தது. ஒரு வள்ளம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அவருடைய கை நின்றுவிட்டது. தாடையிலிருந்து சொட்டிய கண்ணீர் தகட்டில் விழுந்து பெயின்டோடு கறுப்பாக வழிந்தது. “தனிசு,” என்று ஒரு தரம் கூப்பிட்டார், கண்ணாடிக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு சுரண்டினார்.

அந்த நேரத்தில் பெர்பெத்துவின் வீட்டில் நடந்ததை ரமீஜாதான் ஊருக்குச் சொன்னாள். சுவர் வெயிலில் முதலில் உள்ளங்கையளவுக்கு ஒரு இருட்டு விழுந்ததாம். அது பெரிதாகப் பெரிதாகப் பெர்பெத்து, “வேண்டாங்க, வேண்டாங்க,” என்று கத்திக்கொண்டு, மிச்சமிருந்த வெயிலை இரண்டு கைகளாலும் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாளாம். வெயில் அவள் விரல் இடுக்குகளில் தண்ணீர்போல நழுவியதாம். அப்போதுதான் அந்தக் கொண்டைக்காரி முதல் தடவையாகத் திரும்பினாள். பக்கத்தில் நின்ற நிழலின் கையைப் பிடித்தாள். இருவரும் ஒடுங்கி ஒடுங்கிச் சுவர் முனை வழியாகப் போனார்கள். வீடு இருண்டது. ரமீஜா ஓடிப்போய் பல்பைப் போட்டாள். பெர்பெத்து வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் சுவரில் எதுவும் விழவில்லை.

“ரமீஜா, எனக்குப் பசிக்கு,” என்றாள் பெர்பெத்து.

ரமீஜா கொண்டுவந்த சோற்றையும் சாளைமீன் குழம்பையும் வழித்துச் சாப்பிட்டாள். கையெல்லாம் கறுப்பாக மிக்கேல் வந்து நின்றபோது, அவரிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. “சாமியார்ட்ட சொல்லுங்க. தனிசுக்குப் பூசை வைக்கணும்,” என்றாள்.

பூசையில் பெர்பெத்து வாய்விட்டு அழுதாள், அவள் அழுததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. அடுத்த மாதம் அவள் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. பொன்ராதாவின் மாப்பிள்ளை, தன் அப்பா பேச்சைக் கேட்காமல் திரும்பி வந்தார். அதே கூடத்தில், வீடியோவில் பாதி முகம் வெளுத்துப்போக, முழு வெயிலில் கல்யாணம் நடந்தது. தெய்வேந்திரன் திரையைக் கழற்றிச் சாயங்கால வரவேற்புகளுக்கு மட்டும் மாட்டினார். ஜன்னலாட்களின் மேல் நாற்காலி போடாமல் சுற்றிப் போட வேண்டுமென்று பந்தல்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். வருகிற விருந்தாளிகளும், தரையில் யாரோ உட்கார்ந்திருந்தால் எப்படி விலகி நடப்பார்களோ அப்படி நடந்தார்கள். கூடத்தோடு நின்றுபோனது அந்தக் காத்திருப்பு, ஊருக்குள் மறுபடி வரவில்லை.

பெர்பெத்து உடம்பு தேறினாள். மீன் வாங்கப் போவாள், நல்ல வெயிலில் தெருவில் நடப்பாள், கூட நடக்கிறவர்களுக்கெல்லாம் காலடியில் ஒரு நிழல் இருக்கும், அவளுக்கு இருக்காது. விரலொன்று இல்லாத மனிதரிடம் அதைப் பற்றிப் பேசமாட்டோமில்லையா, அப்படி ஊரார் அதைப் பேசாமல் விட்டார்கள். முன்னைப்போல் இல்லாமல் இப்போது சிரித்தாள், படுத்ததும் தூங்கினாள்.

ஒரு நாள் காலையில் ஜன்னல் சட்டங்களுக்குப் பெயின்ட் அடிக்க மாளிகைக்குப் போன மிக்கேல், வடக்கோரம் வந்ததும் நின்றார். தரையில், கம்பியில்லாத இடைவெளியில் இரண்டு பெண்கள் நின்றார்கள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தவளின் கழுத்தை அவருக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தெரியும்.

வீட்டுக்குப் போய், “நீ அங்க நிக்கிறட்டி,” என்றார்.

“எங்க?”

“சுங்க மாளிகையில.”

மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்த பெர்பெத்து சிரித்தாள். “நான் இங்கல்லா இருக்கேன். போய் குளிச்சிட்டு வாங்க, சோறு போடுதேன்.”

அவர் அதற்கப்புறம் அவளிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் விடிந்ததும் மாளிகைக்குப் போகத் தொடங்கினார். முதலில் சில நாள் தூணோரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார். பிறகொரு நாள், கூடத்தில் யாருடைய கல்யாணமோ நடந்துகொண்டிருந்தபோது, நாதஸ்வரத்தையும் கூட்டத்தையும் தாண்டி, யாரையும் மிதிக்காமல் நடந்து, கடைசி ஜன்னலுக்குப் போனார். மெலிந்த கம்பியை நெஞ்சுயரத்தில் பிடித்தார். முகத்தைத் திருப்பாமல் கடலைப் பார்த்தார்.

பின்னால் தரையில் கிடந்த பெர்பெத்துவின் நிழல் சற்றே நகர்ந்து, அவருக்கு இடம் விட்டது.